மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு

முப்பத்தொரு வயதில் ஒருத்தி தன்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓய்வூதியம் கிடையாது, வழியனுப்பு விழா நடக்கவில்லை, யாரும் சால்வை போர்த்தவில்லை. கர்ப்பம் என்று தெரிந்தால் கடலுக்கடியில் இறங்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. தெரிந்த அன்றே என் வேலை முடிந்தது. இப்போது பள்ளிபாளையத்தில், காவிரிக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டு மாதப் பெண் குழந்தையோடு இருக்கிறேன். கணவர் நூலுக்குக் கஞ்சி போடும் ஆலையில் மேற்பார்வையாளர்.

இதை எழுதக் காரணம் தீபிகா. நான் வேலை பார்த்த படகில் என் இடத்துக்கு வந்தவள். போன மாதம் ஒரு காணொளியும் ஒரு குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, இப்பல்லாம் கூட்டுக்குப் பக்கத்துல ஆளே போறதில்ல. ஸ்டாண்டுல கேமரா வெச்சுட்டு மேல வந்துடுவோம். கெஸ்ட்டெல்லாம் டீ குடிச்சுட்டே டிவில பாக்குறாங்க. அப்புறம், பழைய பதிவேட்டுல உங்க பக்கம் ஒண்ணு பாத்தேன். மூணாவது கட்டத்துல கோடும் போட்டிருக்கீங்க, பக்கத்துலயே எழுதியும் இருக்கீங்க. ரெண்டுல எது சரி? புதுசா சேர்றவங்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்னு இருக்கோம். உங்க பேரோட காட்டட்டுமா, பேரை மறைச்சிடட்டுமா?"

பேர் என்றதும், நாளைக்கு என் மகள் பார்ப்பாளோ, ஊரில் யாராவது பார்ப்பார்களோ என்று தேவையில்லாததெல்லாம் தோன்றியது. பதில் அனுப்பாமல் பத்து நாள் வைத்திருந்தேன். காணொளியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் இங்கே வீட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. ஆனால் முதலில் கடல்.

என் அப்பா நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். நான் நீந்தப் பழகியது பண்ணைக் கிணற்றில். சேலத்தில் விலங்கியல் படித்தேன். அங்கே நான் பார்த்த கடல் முழுவதும் ஆய்வகத்தில், பார்மலின் புட்டிகளுக்குள் இருந்தது. கடைசி வருடம் பயிற்சிக்காக அந்தமானுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கென்று போனவள் திரும்பவில்லை. காற்று உருளைகளைச் சுமந்தேன், மற்றவர்களின் ஈர உடைகளை அலசினேன், ஒவ்வொரு தேர்வாக எழுதினேன். அப்படி இரண்டு வருடம் போனபின் ஒரு படகில் டைவ் வழிகாட்டியாகச் சேர்ந்தேன்.

அந்தப் படகு, விருந்தினர்கள் ஒரு வாரம் கரைக்கே வராமல் தங்கும் படகு. பன்னிரண்டு பேர் வருவார்கள். உண்பது, உறங்குவது எல்லாம் அதிலேயே. ஒரு நாளைக்கு மூன்று முறை கடலுக்குள் இறங்குவோம். மீனைப் பார்ப்பதற்கு மட்டும் வருபவர்கள் அல்ல அவர்கள். மீன் என்ன செய்கிறது என்று பார்க்க வருபவர்கள். ஆண் மீன் வாய்க்குள் குஞ்சுகளைச் சுமப்பது, கணவாய் பவளத்தின் இடுக்கில் ஒவ்வொரு முட்டையாகச் செருகுவது, இப்படி.

இன்றும் டீசல் வாசனை வந்தால் எனக்கு அந்தப் படகுதான் ஞாபகம் வரும். ஈரோட்டுப் பாலத்தில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள், நான் இழுத்துக்கொள்வேன். காலை ஆறு மணிக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் தடதடக்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெயில் முட்டை பொரியும். கடல், கழுவிய கண்ணாடி மாதிரி கிடக்கும். பின்பக்கம் வழியாகக் குதித்ததும் எல்லாச் சத்தமும் நின்று, என் மூச்சு மட்டும் கேட்கும். கவலை என்பது எனக்குக் கூடவே பிறந்தது. அது வாயைத் திறக்காத ஒரே இடம் அதுதான்.

எங்கள் தலைவி ரெஜினா அக்கா. இராமநாதபுரக் கடற்கரைக்காரர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், ஒரு சாண் குட்டை. நாமக்கல் என்று சொன்ன முதல் நாளே எனக்கு 'முட்டை' என்று பேர் வைத்துவிட்டார். அதன் பிறகு படகில் என் சொந்தப் பேர் யாருக்கும் நினைவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. டைவ் முடிந்து மேலே வந்ததும், வழிகாட்டிகள் நாங்கள் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. உடம்பில் உப்பு காய்வதற்குள் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் துண்டு, டீ, பேச்சு எல்லாம். பேசினால் மற்றவர் பார்த்ததையும் நாமே பார்த்ததாக மனசு எடுத்துக்கொள்ளும் என்பார்.

"வாயத் தொறந்தா கடல்ல பாத்தது பூரா வெளிய கொட்டிரும் பிள்ள. எழுதிட்டு அப்புறமாக் கொட்டு."

பதிவேட்டில் மூன்று கட்டங்கள். முதலாவது 'கண்டது'. இரண்டாவது 'நினைத்தது'. மீன் பயந்தது என்று முதல் கட்டத்தில் எழுதினால் அக்கா அந்த வரியை அடித்துவிடுவார். மீன் பின்வாங்கியது என்பதுதான் கண்டது, பயந்தது என்பது நினைத்தது. மூன்றாவது கட்டம் ஒல்லியாக ஓரத்தில் இருக்கும். அதன் தலைப்பு 'நாம் செய்தது'. எவ்வளவு தூரத்தில் இருந்தோம், விளக்கு அடித்தோமா, எதையாவது தொட்டோமா என்று அதில் எழுத வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்றால் ஒரு சிறு கோடு. பெரும்பாலும் எல்லோரும் கோடுதான் போடுவோம்.

இனி அந்த நாள்.

காலை டைவில் நான்தான் அந்தக் கூட்டைக் கண்டுபிடித்தேன். கிளாத்தி என்கிற மீனின் கூடு. முழங்கை நீளத்துக்குமேல் வளரும் தடித்த மீன், பல் எலிப்பல் போல இருக்கும். மணலில் பெரிய கிண்ணம் மாதிரி பள்ளம் தோண்டி, நடுவில் முட்டையிடும். முட்டைகள் ஒட்டிக்கொண்டு, ஊறவைத்த ரொட்டித் துண்டு மாதிரி ஒரே திரளாக இருக்கும். தாய் மீன் அதன்மேல் நின்று வாயால் தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்கும். யார் அருகே வந்தாலும் துரத்திக் கடிக்கும். அதிசயம் என்னவென்றால், விடிகாலையில் இட்ட முட்டை அன்றைக்கே பொழுது சாய்ந்ததும் பொரிந்துவிடும். காவல் ஒரே ஒரு பகல்தான். பொரிகிற அந்த நேரத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் படகில் யாருமில்லை. ரெஜினா அக்காவும் பார்த்ததில்லை.

பண்ணையில் வளர்ந்த எனக்கு அது வேறுவிதமாகவும் அதிசயம். கூண்டுக் கோழி முட்டையிட்டதும் அது கம்பிச் சரிவில் உருண்டு முன்னால் போய்விடும். கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டையைக் காவல் காக்கும் ஓர் உயிரை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான். மேலே வந்து, எழுதி முடித்து, அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"மீனு அடகாக்குதா? எத்தனை தட்டு முட்டை வரும் சாமி?" என்றார்.

அக்கா அன்றைய திட்டத்தையே மாற்றினார். மாலை டைவுக்கு எல்லோரும் கூட்டைப் பார்க்கப் போகிறோம், பத்து மீட்டர் தள்ளி, வெள்ளை விளக்கு இல்லாமல். அதுவரை யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. விருந்தினர்கள் குழந்தைகளைப்போலக் கை தட்டினார்கள்.

மதிய டைவில் எனக்கு ஒரே ஒரு விருந்தினர். சென்னைக்காரர், பெரிய கேமரா வைத்திருந்தார். அவர் மனைவி, கடல் ஒத்துக்கொள்ளாமல், மேல்தளத்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தார். இறங்குவதற்கு முன் கேமராக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"சாயங்காலம் அத்தனை தூரத்துல இருந்து என் லென்ஸுக்கு ஒண்ணும் கிடைக்காதும்மா. முட்டையை மட்டும் ஒரே ஒரு ஷாட். அரை நிமிஷம். நீ மனசு வெச்சா முடியும்."

முடியாது என்று சொல்ல எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நல்ல பெண் என்று பேர் வாங்கியே வளர்ந்தவள். யாராவது முகம் சுண்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது. அரை நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தப்போ என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

வழிகாட்டிகளுக்குத் தெரிந்த ஒரு வித்தை இருக்கிறது. கிளாத்தியின் முன்னால் கால்துடுப்பை ஆட்டினால் அது கடிக்க வரும். அப்படியே பக்கவாட்டில் நீந்தினால் கூட்டைவிட்டுத் தொடர்ந்து வரும். துரத்தலிலிருந்து ஒருவரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வித்தை அது. நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். மீன் என் துடுப்பைக் கவ்வியபடி பின்னால் வந்தது. கேமராக்காரர் கூட்டின் மேல் குனிந்தார். என் கணக்குக்கு நாற்பது நொடி.

திரும்பிப் பார்த்தபோது கூடு தெரியவில்லை. வாலில் பிறை வடிவம் கொண்ட சின்னச் சின்ன மீன்கள் கூட்டை மூடியிருந்தன. அதுவரை அவை எங்கே இருந்தன என்று தெரியவில்லை, நாள் முழுவதும் அந்த நாற்பது நொடிக்காகவே காத்திருந்த மாதிரி வந்திருந்தன. கிளாத்தி என்னை விட்டுவிட்டுப் பாய்ந்து போய் அவற்றை விரட்டியது. ஒன்றை விரட்டினால் மறுபக்கம் நான்கு. அவை கலைந்தபோது பள்ளத்தில் வெறும் மணல்தான் அதிகம் தெரிந்தது.

மேலே வந்து பதிவேட்டின் முன் உட்கார்ந்தேன். கையில் உப்பு வெள்ளையாகப் பூத்துக்கொண்டிருந்தது. கண்டது: 'சிறு மீன்கள் கூட்டமாகக் கூட்டில் மேய்ந்தன. முட்டைத் திரளில் பெரும்பகுதி இல்லை.' நினைத்தது: 'தாய் மீனுக்கு இது முதல் கூடாக இருக்கலாம், காவல் போதவில்லை.' மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

மீன் மேல் பழி போட்டது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இன்று, அந்தக் கோட்டைக் காட்டிலும் இரண்டாவது கட்டம்தான் என்னை அதிகம் கூச வைக்கிறது.

அக்கா படித்தார். "பாவம், வேலைக்குப் புதுசு போல" என்றார். அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு, நன்னீர்த் தொட்டியில் அலசிவைத்த உபகரணங்களைப் பார்க்கப் போனார். அது அவர் தினமும் செய்வது. என் கால்துடுப்புகளை எடுத்தார், ஒன்றின் நுனியை வெளிச்சத்தில் பிடித்தார். அதில் புதிதாக, நகம் அளவுக்குக் கடித்து எடுத்த வடு இருந்தது. அதன்மேல் கட்டைவிரலை ஒரு தரம் ஓட்டினார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. துடுப்பைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனார்.

மாலை டைவுக்கு முன் எல்லோரும் வெள்ளைப் பலகையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கூட்டின் படத்தைக் காலையிலேயே அக்கா வரைந்திருந்தார். எப்போதும் அவர்தான் விளக்குவார். அன்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

"கண்டுபிடிச்சது முட்டைதான். முட்டையே சொல்லட்டும்."

பன்னிரண்டு முகங்கள். எலுமிச்சம்பழத்தோடு கேமராக்காரரின் மனைவியும் எழுந்து வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போயிருக்கலாம். இயற்கை, சிறு மீன்கள் தின்றுவிட்டன என்று கீழே போய்க் கையை விரித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அக்காவைத் தவிர. சொன்னால் வேலை போகும் என்றுதான் நம்பினேன்.

பேனாவின் மூடியைத் திறந்தேன், மூடினேன். "கூட்டுல இப்ப அதிகமா முட்டை இல்லைங்க" என்றேன். பதற்றத்தில் எங்க ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "மத்தியானம் நாந்தானுங்க மீனை அக்கட்டால இழுத்துட்டுப் போனேன். படம் எடுக்கறதுக்காக. அதுக்குள்ள மத்த மீனுங்க வந்து தின்னுபோட்டுதுங்க."

கேமராக்காரர் கையைத் தூக்கினார். "நான்தான் கேட்டேன்" என்றார்.

அவர் மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். "முட்டையைப் படம் எடுக்கணும்னா நம்ம ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்திருக்கலாமே? என்னை ஏன் இத்தனை தூரம் வாந்தி எடுக்க வெச்சீங்க?"

யாரோ சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. இதைப் பார்ப்பதற்கென்றே இரண்டாம் முறை வந்திருந்த ஒருவர் கோபத்தில் அன்று கீழே இறங்கவே இல்லை.

அக்கா என்னைப் பதிவேட்டிடம் கூட்டிப் போனார். கோட்டை அடிக்கப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத. அதுவும் நீ செஞ்சதுதான். பக்கத்துல எழுது."

எழுதினேன்: 'கால்துடுப்பை ஆட்டி மீனைக் கூட்டிலிருந்து விலக்கினேன். சுமார் நாற்பது நொடி.'

மாலையில் மற்ற எல்லோரும் இறங்கினோம், பத்து மீட்டர் தள்ளி அசையாமல் நின்றோம். நீலம் கறுத்துக்கொண்டு வந்தது. கிளாத்தி அங்கேயே இருந்தது. ஏறக்குறைய காலியான பள்ளத்தின் ஓரத்தில், ஒரு பவளத் துண்டின் அடியில், உள்ளங்கை அளவுக்கு ஏதோ வெளிறித் தெரிந்தது. அதன்மேல் நின்று மீன் ஊதிக்கொண்டே இருந்தது, காலையில் ஊதிய அதே நிதானத்தில். இருட்டும் தறுவாயில் ஒரு கணம் ஊதுவதை நிறுத்தியது. திரும்பியது. எங்களைக் கடந்து, துரத்தாமல், கடிக்காமல், பாறைகளுக்கு நடுவே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

மீதியிருந்தவை பொரிந்தனவா? பொரிந்ததால் போனதா, கைவிட்டுப் போனதா? அவ்வளவு தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா எழுதியதைப் பிறகு பார்த்தேன். கண்டது: 'ஊதுவதை நிறுத்தியது. கூட்டைவிட்டுச் சென்றது.' நினைத்தது என்ற கட்டத்தை முதல் முறையாகக் காலியாக விட்டிருந்தார்.

வேலை போகவில்லை. மூன்று பயணங்களுக்கு என்னை வழிகாட்ட விடாமல் காற்று உருளை நிரப்ப வைத்தார்கள். அதன் பிறகும் நான்கு வருடம் இருந்தேன். அருமையான வருடங்கள். ஆனால் அந்த மீன் திரும்பிப் போன கணத்தைத்தான் அதிகம் நினைக்கிறேன். பொரிந்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும், இல்லை என்று மறுநாள் தோன்றும்.

இப்போது இங்கே நடந்தது.

தீபிகா அனுப்பிய காணொளியிலும் ஒரு கிளாத்தி, ஒரு கூடு. அன்று காலை பத்து மணி இருக்கும். பாப்பா கட்டிலில் படுத்திருந்தாள். நான் அறை வாசலில், முதுகைக் கதவில் சாய்த்து, போனில் அந்த மீன் ஊதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொப்பென்று சத்தம் கேட்டது. பிறகு அழுகை. பாப்பா தரையில் கிடந்தாள். நெற்றி புடைத்திருந்தது.

மாமியாரும் நானும் ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தபடி கேட்டார்: "எப்படி விழுந்துச்சு? எதுமேல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "இவ கையெட்டற தூரத்துலதானுங்க இருந்தா. எட்டிப் புடிக்கறதுக்குள்ள வழுக்கிருச்சுங்க. கீழ கெடந்த மெத்தை மேலதானுங்க உழுந்துச்சு."

எனக்காகச் சொன்ன பொய். என் முகத்தைப் பார்த்து, இந்தப் பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று சொன்ன பொய். டாக்டரும் தலையாட்டிவிட்டு எழுதப் போனார். அவர் பேனா சீட்டைத் தொட்டதைப் பார்த்தேன்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "நான் போன் பாத்துட்டிருந்தேன். உழுந்ததை நான் பாக்கலைங்க. சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. வெறுந்தரைங்க, சிமெண்டு. தலை மொதல்ல பட்டுச்சான்னு தெரியாது. அழுகறதுக்கு முன்னால ரெண்டு மூணு நொடி சத்தமில்லாம இருந்த மாதிரி எனக்குத் தோணுது. அது நிச்சயமில்லைங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படீன்னா உடனே அனுப்ப மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கேயே வெச்சுப் பாக்கறேன்."

அந்தப் பகல் முழுவதும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுக்கிறாளா, கண் சொருகுகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். பால் குடித்தாள். என் தாலிக்கொடியை இழுத்தாள். டாக்டர் வரும்போதெல்லாம் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கினாள். மதியத்துக்கு மேல் அத்தை மெதுவாக ஆரம்பித்தார்.

"நாந்தான் சமாளிச்சுட்டனே. எதுக்கு சாமி வாயக் குடுத்தே? உம் புருசன் கேட்டா என்ன சொல்லுவே?"

"இதையேதானுங்கத்தை சொல்லுவேன்."

"அப்படி அந்தப் போனுல என்னதான் பாத்தே?"

எடுத்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த மீன் எதற்காக ஊதுகிறது, பக்கத்தில் யார் காத்திருக்கிறார்கள், முட்டை எப்போது பொரியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். நாற்பது நொடிக் கதையையும் சொன்னேன். வீட்டில் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐந்தரை மணிக்கு டாக்டர் வந்து, பயமில்லை, கூட்டிப் போகலாம் என்றார். நான் அழுதுவிட்டேன். அத்தை பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஆட்டோவுக்கு நிற்கும்போது திடீரென்று கேட்டார்:

"ஏஞ்சாமி, அந்த மீனு பொழுது சாயற வரைக்குந்தான காவலு இருக்கோணும்?"

"ஆமாங்கத்தை. அவ்வளவுதான்."

"குடுத்து வெச்சவ" என்றார்.

தீபிகா, உன் கேள்விக்குப் பதில். இரண்டும் சரி. கோட்டை அழிக்காமல் காட்டு. பேரை மறைக்க வேண்டாம்.